மெய் பொய் சொல்லுமா?

பள்ளியில் படித்த நாளில் நான் ஒரு பிழை செய்தேன். செய்தது பிழை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து, இப்பல்கலைக்கழகத்தில் உளநூல் பயிலத் தொடங்கிய பிறகே தெரிந்தது. சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, அந்தப் பிழையையே பாடமாக எழுதலாம் என்று துணிந்தேன். நமக்குள் ஒளிவு மறைவு எதற்கு?

பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் விடுதியில் தங்கிப் படித்தோம். எனக்கு அடுத்த கட்டில் ஒரு நண்பனுடையது. பந்தாட்டத்தில் அவனை ஓடி வெல்ல எங்களில் ஆள் இல்லை. அவன் தந்தை சிறு உழவர்; இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று மகனைப் படிக்க அனுப்பியவர். ஞாயிறுதோறும் வருவார். முறுக்கும் பழமும் கொடுத்துவிட்டு, "உன்னை நம்பித்தான் இருக்கிறோம், தம்பி" என்று சொல்லிப் போவார். கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாரந்தவறாமல் வரும்.

திருப்புதல் தேர்வு தொடங்கிய அன்று காலையில் அவனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. வலக்கால் துவண்டு கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத காலை இழுத்துக்கொண்டு, இரண்டு பேர் தோளைப் பற்றி அவன் விடுதிக்குத் திரும்பினான்.

மூன்றாம் நாள் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த கட்டிலைப் பார்த்தேன். அவன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். உறக்கத்திலே புரண்டு படுத்தான். புரளும்போது அந்த வலக்காலை நன்றாக மடக்கி இழுத்துக்கொண்டான். விடிந்ததும் உணவுக்கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் நான் சொன்னேன்: "என் கண்ணாலே பார்த்தேன். ராத்திரி காலை மடக்கிப் படுத்தான். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்." அவன் அங்கேயே அமர்ந்திருந்தான். ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் தந்தை வந்து அவனை அழைத்துப் போனார். அந்த ஆண்டு அவன் தேர்வு எழுதவில்லை.

நான் கண்டது உண்மை. கால் மடங்கியது. அவன் நடிக்கவில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாவது எங்ஙனம்? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

அச்சம் உடலில் செய்வது

முதலில் நம் எல்லாருக்கும் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குவோம். வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; நா வறள்கிறது; சிலருக்கு வயிறு கலங்குகிறது. இவற்றை யாராவது நடிப்பு என்று சொல்வாரா? மாட்டார். மனத்தில் தோன்றிய அச்சம் உடலில் பொருள் வடிவான மாறுதல்களைச் செய்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் பட்டு அறிந்திருக்கிறோம்.

இதன் காரணத்தை ஆராய்ந்து விளக்கியவர்களில் அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கேனன் தலையாயவர். வலி, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் விளைக்கும் மாறுதல்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915-இல் வெளிவந்தது. புலியைக் கண்ட மான் ஓடவேண்டும். ஓட வழியில்லையேல் எதிர்க்கவேண்டும். இரண்டுக்கும் உடல் ஆயத்தமாகவேண்டும். ஆகவே சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைப் பொழிகின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது, செரிமானம் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அச்சம் நீடித்தால் கார்டிசால் என்னும் மற்றொரு சுரப்பும் தொடர்ந்து மிகுகிறது. 1936-இல் ஹான்ஸ் செல்யே என்பவர், எத்தகைய நெருக்கடி நேர்ந்தாலும் உடல் ஒரே வகையான மாறுதல்களைக் காட்டுவதை எலிகளிடம் கண்டு எழுதினார். இன்று உலகெங்கும் வழங்கும் 'ஸ்டிரெஸ்' என்ற சொல்லைப் பரப்பியவர் அவரே.

மானுக்குப் புலி போய்விட்டால் அச்சமும் போய்விடும். மாணவனுக்கோ புலி ஆண்டு முழுவதும் மேசைமேல் புத்தக வடிவில் படுத்திருக்கிறது! ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அவ்வாறு நீண்ட நெருக்கடியில் சிலருக்குத் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. அதுவும் நெருக்கடி நேர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து உதிர்வதால் காரணம் விளங்குவதில்லை. சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடுகிறது. சிலர் அச்சத்தில் தம்மை அறியாமல் வேகவேகமாக மூச்சு விடுகிறார்கள். அதனால் குருதியிலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. உதடும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன. விரல்கள் கூம்பி இறுகிக்கொள்கின்றன. பார்ப்பவர் 'வலிப்பு' என்று அஞ்சுகின்றனர். மூச்சு நிதானப்பட்டால் விரல்களும் விரிகின்றன. இவை யாவும் வேதியியல். இவற்றில் நடிப்புக்கு இடம் ஏது?

கால் மறந்த கதை

இனி, விளங்குவதற்கு அரியவற்றுக்கு வருவோம். கடும் நெருக்கடியில் சிலருக்குக் கை கால் வழங்காமல் போகின்றன. சிலருக்குத் திடீரென்று குரல் போய்விடுகிறது. ஆயினும் இருமினால் ஒலி வருகிறது. சிலருக்குக் கண் தெரிவதில்லை. ஆயினும் கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறது. சிலர் வலிப்பு வந்தவரைப் போல் விழுந்து துடிக்கிறார்கள். அத்துடிப்பின்போதே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால், காக்காய் வலிப்புக்குரிய அலைகள் இல்லை. சிலர் நடந்ததையே மறந்துவிடுகிறார்கள்.

பண்டைக் கிரேக்கர் இத்தகைய நோய்கள் பெண்களுக்கே வருவன என்றும், கருப்பையின் கோளாறே காரணம் என்றும் எண்ணினர். கருப்பைக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்தே 'ஹிஸ்டீரியா' என்ற பெயர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்னும் பேரறிஞர், ஆண்களுக்கும் இந்நோய் வருவதை எடுத்துக்காட்டினார். பிறகு வந்த முதல் உலகப்போர் அதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தது. பதுங்குகுழிகளில் மாதக்கணக்காகக் கிடந்த இளைஞர்கள், உடலில் ஒரு காயமும் இன்றி ஊமையானார்கள், முடமானார்கள், நடுங்கினார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதனைக் 'குண்டதிர்ச்சி' என்ற பொருள்படும் பெயரால் எழுதினார். கோழைகள் என்றும் நடிகர்கள் என்றும் இகழப்பட்ட அவ்வீரர்களை நினைக்கும்போது எனக்கு என் விடுதியின் உணவுக்கூடம் நினைவுக்கு வருகிறது.

1908-இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் எளிய சோதனையைக் கண்டறிந்து எழுதினார். கருவி ஏதும் வேண்டா. நோயாளியை மல்லாந்து படுக்கச் செய்து, வழங்காத காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் தம் கையை வைப்பார். "இந்தக் காலைக் கீழே அழுத்துங்கள்" என்பார். அழுத்தம் இராது. பின்னர் மற்றக் காலில் லேசாகத் தடைகொடுத்து, "இந்த நல்ல காலை மேலே தூக்குங்கள்" என்பார். நோயாளி நல்ல காலைத் தூக்க முயலும்போது, வழங்காத காலின் குதிகால் மருத்துவர் கையை நன்றாக அழுத்தும்! ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் கால் ஊன்றிக்கொள்வது உடலின் தானியங்கிப் பழக்கம். நரம்பு அறுந்த காலில் இது நிகழாது.

வகுப்பில் இச்சோதனையைப் பற்றிக் கேட்ட அன்று நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். உறக்கத்தில் மடங்கிய கால் கண்முன் நின்றது. நரம்பு நலமாக இருக்கிறது. தசை நலமாக இருக்கிறது. தானாக இயங்கும்போது கால் இயங்குகிறது. 'இயக்கவேண்டும்' என்று கருதி முயலும்போதுதான் கட்டளை காலைச் சென்று அடைவதில்லை. தொலைபேசிக் கம்பி அறுபடவில்லை. இணைப்புத் தரும் நிலையத்தில் ஏதோ தடுமாற்றம். இதனை ஓரளவு நாமும் அறிவோம். பரிசு வாங்க மேடையேறும்போது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற நினைவு வந்ததும், பிறந்தது முதல் நடந்த கால் பின்னிக்கொள்வதில்லையா? கவனம் மிகுந்தால் இயல்பு கெடுகிறது. நோயாளியிடம் அது பன்மடங்கு பெருகி, அவன் விருப்பத்துக்கு அப்பாற்பட்டு நிற்கிறது.

'அப்படியானால் வேண்டுமென்றே நடிப்பவனும் இச்சோதனையில் அகப்படுவானே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அகப்படலாம். ஆனால் மூளையின் இயக்கத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், முடம்போல் நடிக்கச் சொல்லப்பட்டவர் மூளையும் இந்நோயாளி மூளையும் வெவ்வேறு விதமாக இயங்குவதைக் கண்டிருக்கிறார்கள். இக்காலத்தில் இதற்குச் 'செயல்சார் நரம்பியல் கோளாறு' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. நெருக்கடி ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் இந்நோய் என்று முடிவு கட்டவேண்டும் என்ற பழைய விதியையும் அமெரிக்க மனமருத்துவர்கள் 2013-இல் நீக்கிவிட்டார்கள். ஏனெனில் எல்லாரிடத்தும் காரணம் வெளிப்படையாக இருப்பதில்லை. நோய்க்குறியைக் கண்டு நோயைத் துணிவதே முறை.

ஹூவர் சோதனையை ஒருகாலத்தில் 'அகப்பட்டாயா!' என்று பிடிக்கும் பொறியாகவும் ஆண்டார்கள். இன்றோ எடின்பரோ நகரத்து நரம்பியல் மருத்துவர் ஜான் ஸ்டோன் போன்றோர் அதை நோயாளிக்கே காட்டுகிறார்கள். "பாருங்கள், உங்கள் காலில் வலிமை இருக்கிறது. வழி மறந்துவிட்டது, மீண்டும் பழக்கலாம்" என்கிறார்கள். ஒரே சோதனை! ஒருவர் கையில் அது குற்றச்சாட்டு. மற்றொருவர் கையில் நம்பிக்கை. நான் அன்று இரவு கண்ட காட்சியையும் இருவகையாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

சிரிப்பாய்ச் சிரித்த பள்ளி

இந்நிலை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதும் உண்டு. தாங்கனீக்கா நாடு விடுதலை பெற்றது 1961 டிசம்பரில். அடுத்த மாதம், 1962 ஜனவரி 30 அன்று, விக்டோரியா ஏரிக்கரைப் பகுதியில் புகோபாவுக்கு அருகே கஷாஷா என்ற சிற்றூரில், சமயத் தொண்டர்கள் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் மூன்று மாணவியர் சிரிக்கத் தொடங்கினர். சிரிப்பு நிற்கவில்லை. இடையிடையே அழுகையும் வந்தது. அது மற்றவர்களைப் பற்றியது. 159 மாணவியரில் 95 பேர் இதற்கு ஆளாயினர். சிலருக்குச் சில மணி நேரம். சிலருக்கு 16 நாள் வரையிலும். மார்ச் 18-இல் பள்ளியை மூடினார்கள். வீட்டுக்குச் சென்ற மாணவியரோடு அது ஊர்களுக்கும் சென்றது. மருத்துவர்கள் நச்சுப்பொருளைத் தேடினார்கள், தொற்றுக் கிருமியைத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

இதில் ஒரு நுட்பம் காண்க. ஆசிரியர்களில் ஒருவருக்கும் இது வரவில்லை. கட்டளையிடுவோருக்கு வராமல், கட்டளைக்கு அடங்குவோருக்கே வந்தது. வீட்டு வழக்கம் ஒன்று, பள்ளி ஒழுங்கு வேறொன்று. நாடு புதியதாகிவிட்டது, நாளை எப்படியிருக்கும் என்று தெரியாது. இவற்றுக்கிடையே அகப்பட்ட பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பெண்கள் அவர்கள். இந்நிகழ்ச்சியை நகைச்சுவைச் செய்தியாகவே பலர் எழுதினர். அம்மாணவியர் மகிழ்ந்து சிரிக்கவில்லை என்பதைத் தலைப்புகள் மறைத்துவிட்டன.

எழுந்திராத பிள்ளைகள்

மற்றொரு செய்தி சுவீடன் நாட்டைச் சேர்ந்தது. 1990-களின் இறுதியிலிருந்து அங்கே அடைக்கலம் தேடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் பேச்சைக் குறைத்தனர். பின் உணவை மறுத்தனர். பின் கண்ணை மூடிப் படுத்துவிட்டனர். அழைத்தாலும் கிள்ளினாலும் அசைவில்லை. மூக்கில் குழாய் வைத்து உணவு ஊட்டவேண்டியதாயிற்று. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அவ்வாறு கிடந்தனர். 2003 முதல் 2005 வரை மட்டும் 424 பேர் எனக் கணக்கெடுத்தனர். பெரும்பாலோர் பழைய சோவியத் நாடுகளிலும் யூகோசுலாவியாவிலும் சிறுபான்மையராய்த் துன்புற்ற குடும்பத்தினர். பதின்வயதினர் பலர். ஊரில் கொடுமையைக் கண்டவர்கள்; வந்த நாட்டிலும் 'திரும்பிப் போ' என்ற கடிதத்தைக் கண்டவர்கள். பெற்றோருக்கு அந்நாட்டு மொழி தெரியாததால், அக்கடிதத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் சில வீடுகளில் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது. 2014-இல் சுவீடன் நாட்டு நலவாழ்வு வாரியம் இதற்கு ஏற்ற பெயர், 'இனி முடியாது என்று கைவிட்ட நிலை' என்று பொருள்படுவது.

குடும்பத்துக்கு நிலைத்து வாழும் அனுமதி கிடைத்த பின், பல பிள்ளைகள் மெல்ல மெல்லக் கண் விழித்தனர். அனுமதித் தாள் மருந்தன்று. அதைக் கண்ட தாயின் குரலில் ஏற்பட்ட மாறுதல் பிள்ளையின் செவியில் விழுந்திருக்கும் என்பது சில மருத்துவர்களின் கருத்து. 2019-இல், வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட சிலர், தாங்கள் பெற்றோரின் வற்புறுத்தலால் அவ்வாறு கிடந்ததாகக் கூறினர். இதனால் அந்நாட்டில் பெரும் சொற்போர் எழுந்தது. சிலர் நடிக்க நேர்ந்தது என்பதால் எல்லாரும் நடித்தனர் என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. நடிக்குமாறு வற்புறுத்தப்பட்டு மாதக்கணக்கில் அசையாது கிடந்த குழந்தையும் துன்புற்ற குழந்தையே அன்றோ?

ஏன் இளமையில்?

இந்நிலை எவ்வயதிலும் வரலாம். ஆயினும் பதின்வயதில் மிகுதியாய் வருவதற்குச் சில காரணங்கள் உண்டு. அச்சத்தை எழுப்பும் மூளைப்பகுதி இளமையிலேயே விழிப்பாக இயங்குகிறது. அதனை அடக்கி ஆராயும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பிறகும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இது உடற்காரணம். பெரியவன் துன்பம் வந்தால் வேலையை விடலாம், ஊரை விடலாம், சண்டையிடலாம். பதினேழு வயதினன் எங்கே போவான்? இது வாழ்க்கைக் காரணம். மூன்றாவதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது: அவனுக்குச் சொல்ல இடமில்லை. கடிந்துகொள்ளும் தந்தையிடமாவது எதிர்த்துப் பேசலாம். நிலத்தை விற்றுவிட்டு முறுக்கு வாங்கி வரும் தந்தையிடம், "அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? நாக்கு எழாத இடத்தில் கால் விழுந்துவிட்டது.

வேலனும் தோழியும்

இதெல்லாம் மேனாட்டு ஆராய்ச்சி என்று எண்ணவேண்டா. நம் அகப்பாடல்களில் இக்காட்சி வந்துகொண்டேயிருக்கிறது. காதலைச் சொல்ல இயலாத குறிஞ்சி நிலத்து மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது, உணவு செல்லவில்லை. தாய் அஞ்சுகிறாள், முருகனால் வந்த வருத்தம் என்று கருதுகிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். களம் இழைக்கிறார்கள், ஆட்டை அறுக்கிறார்கள். நோய் தீர்கிறதா? இல்லை.

இன்றும் நம் ஊர்களில், பெண் மயங்கி விழுந்தால் 'காற்றுக் கருப்பு' என்பாரும், வேப்பிலை அடிப்பாரும் உளர். படித்தவர்களோ 'நடிப்பு' என்கிறோம். வேலன் நோயைத் தெய்வத்தின்மேல் ஏற்றுகிறான். நாம் நோயாளியின்மேல் ஏற்றுகிறோம். இருவரில் கொடியவர் நாமே என்று சொல்லத் தோன்றுகிறது. வேலன் அவளைப் பொய்யள் என்று சொல்லவில்லையே!

அகப்பாடலில் நோய்க்கு வழிகாண்பவள் யார்? தோழி. அவள் தலைவியின் மேனியைப் பார்த்து உண்மையை உணர்கிறாள். தலைவி சொல்ல முடியாததைத் தக்க நேரத்தில் செவிலியிடம் எடுத்துச் சொல்கிறாள். இதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. உடம்புக்கு 'மெய்' என்று பெயரிட்ட மொழி நம் மொழி. மெய் சொல்வதை நம்புபவனே தோழன்.

நாம் செய்யத்தக்கவை

நம்மிற் பலர் விடுதியில் வாழ்கிறோம். நள்ளிரவில் நண்பன் ஒருவன் இவ்வாறு விழுந்தால் முதலில் பார்ப்பவர் நாமே. ஆகவே சில சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மருத்துவரிடம் கொண்டு செல்க. மனக்காரணம் என்று நாமே முடிவு கட்டுதல் தவறு. உண்மையான வலிப்பும் நரம்பு நோயும் இளைஞருக்கும் வரும்.

இரண்டாவது, சோதனைகள் நலமாக வந்தால், "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "ஆபத்தான நோய் இல்லை, ஆனால் உனக்கு வந்திருப்பது மெய்யான துன்பம், தீரக்கூடியது" என்று சொல்லுங்கள். கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதும் வேண்டா. கவனம் மிகுந்தால் நோயும் மிகும்.

மூன்றாவது, இயக்கப் பயிற்சியும் மனமருத்துவ உரையாடலும் பலருக்குப் பயனளிக்கின்றன. மருத்துவரை நேரில் காணத் தயங்குவோர், 2022 அக்டோபர் 10 அன்று நம் நாட்டரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை நாடலாம். எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நான்காவது, நண்பன் விழும்வரை காத்திராதீர்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை நில்லுங்கள்.

சென்ற விடுமுறையில் அந்த நண்பனைத் தேடிப் போனேன். இப்போது நன்றாக நடக்கிறான். அடுத்த ஆண்டு தேர்வெழுதி, தனக்குப் பிடித்த படிப்பையே படிக்கிறான். நெடுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு சொன்னான்:

"நீ சொன்னதற்கு நான் வருந்தவில்லை. நீ சொன்ன பிறகு, 'நான் நடிக்கிறேனோ' என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் காலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அதுதான் கஷ்டமாக இருந்தது."

கால் போனது பெரிதன்று, அது மீண்டது. தன் உடம்பையே அவன் நம்பாதபடி நான் செய்துவிட்டேன். அடுத்த கட்டிலில் இருப்பவர் தோழியாக நிற்கலாம், வேலனாகவும் ஆடலாம். நான் வேலனாக ஆடினேன். இதைப் படிக்கும் நீங்கள் தோழியாக நில்லுங்கள்.